கோடுகள் சந்தித்த பிறகு

1992இல் அமெரிக்காவில் வெளிவந்த 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' என்ற நூலில் ஜோ டொமிங்கஸும் விக்கி ராபினும் வாசகருக்கு ஒரு வேலை வைத்திருந்தார்கள். பெரிய வரைபடத்தாள் ஒன்றைக் கண்ணில் படும் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் அதில் வரவுக்கு ஒரு புள்ளி, செலவுக்கு ஒரு புள்ளி. மிச்சம் பிடித்த பணம் முதலீடாகி ஈட்டத் தொடங்கியதும் அந்த வருமானத்துக்கு மூன்றாவதாக ஒரு கோடு. தரையை ஒட்டிக் கிடக்கும் அந்த மூன்றாவது கோடு ஆண்டுக்கணக்கில் ஏறி, என்றைக்குச் செலவுக் கோட்டைத் தொடுகிறதோ அன்றோடு சம்பளத்துக்காக உழைக்க வேண்டிய கட்டாயம் தீர்ந்தது. டொமிங்கஸ் 1969இல், 31 வயதில், வால் ஸ்ட்ரீட் வேலையை விட்டு வெளியேறியவர். இந்தக் கணக்கைத் தன் மீதே போட்டுப் பார்த்தவர். நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் பழைய புள்ளிவிவரங்களை அலசி, சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்றார். ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் போதும் என்ற சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. மாதம் 50,000 ரூபாய் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது ஒன்றரைக் கோடி. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் துறையினர் 'ஃபயர்' (பணத்தேவையிலிருந்து விடுபட்டு முன்கூட்டியே ஓய்வு பெறுவது) என்று பேசிக்கொள்வது இந்தக் கணக்கைத்தான். அமெரிக்க விலைவாசிக்கும் 30 ஆண்டுக்கும் போட்ட கணக்கை, இந்திய விலைவாசியில் இன்னும் 50 ஆண்டு வாழக்கூடிய 38 வயதுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து என்பது வேறு விஷயம்.

கோடுகள் சந்திக்கும் வரை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அட்டவணைகள் ஏராளம். சந்தித்த மறுநாள் என்ன செய்வது என்பதற்குக் கிடைப்பது பொத்தாம்பொதுவான அறிவுரை: பிடித்ததைச் செய்யுங்கள், ஊர் சுற்றுங்கள், உங்களுக்குள் இருக்கும் உண்மையான உங்களைத் தேடுங்கள். இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனிதனின் நோக்கமும் அடையாளமும் அவனுக்குள் ஏற்கனவே புதைந்து கிடக்கின்றன, அலுவலகம் என்ற பாறாங்கல்லை நகர்த்திவிட்டால் தானாக வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை. கிடைத்திருக்கும் சான்றுகள் இதற்கு ஆதரவாக இல்லை. ஒருவரை இன்னார் என்று நிலைநிறுத்துவதில் அவருடைய விருப்பங்களுக்கு இருக்கும் பங்கைவிட, மற்றவர்கள் அவர் மீது வைத்திருக்கும் உரிமைக்கோரலுக்குப் பங்கு அதிகம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சம்பளம் தேவைப்படாமல் போகும்போது மறைவது பணக்கவலை மட்டுமல்ல. நம்மை எதிர்பார்த்துக் காத்திருந்த ஆட்களும் சேர்ந்தே மறைகிறார்கள். அந்த இடத்தை விருப்பங்களைக் கொண்டு நிரப்ப முடிவதில்லை.

இதைப் பற்றி நமக்கிருக்கும் மிகக் கூர்மையான ஆய்வு, பணக்காரர்களைப் பற்றியதே அல்ல. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்தால் என்ற ஆலைக் கிராமத்தில், ஊர் முழுவதற்கும் சோறு போட்ட நூற்பாலை 1929-30இல் இழுத்து மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அடங்கிய இளம் ஆய்வாளர் குழு அங்கே போய்த் தங்கி, அந்த மக்களின் நாட்களைப் பதிவு செய்து 1933இல் வெளியிட்டது. ஓய்வு நேரம் கைநிறையக் கிடைத்ததே, மக்கள் அதை என்ன செய்தார்கள்? ஊர் நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டிருந்தும் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அரசியல் கூட்டங்களுக்கு வருவதும் குறைந்தது. ஆய்வாளர்கள் சன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் பலமுறை நின்றார்கள். பெரும்பாலோர் கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டிருந்தார்கள். ஒரு நாளில் மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, ஆண்களால் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது போன்ற சில வரிகளுக்கு மேல் எழுத முடியவில்லை. நடுவில் போன மணி நேரங்கள் எங்கே போயின என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

உடனே எழக்கூடிய மறுப்பு நியாயமானது: அவர்கள் பட்டினியில் கிடந்தவர்கள், வறுமை மனிதனை முடக்கும், கோடீஸ்வரனின் ஓய்வுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதற்கான பதில் அதே தெருவில் நடந்துகொண்டிருந்தது. அதே வீட்டில், அதே பட்டினியில் இருந்த பெண்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள், வழியில் குறைவாகவே நின்றார்கள். அவர்களில் பலரும் ஆலையில் வேலை பார்த்து வேலை இழந்தவர்கள்தான். ஆனால் சமைக்க வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும், குறைந்த காசில் கடையில் பேரம் பேச வேண்டும். அவர்களுக்குக் கூலி நின்றது, வேலை நிற்கவில்லை. வறுமை இருவருக்கும் பொது என்றால், ஆணின் நாள் சிதறிப்போனதற்கும் பெண்ணின் நாள் சிதறாமல் நின்றதற்கும் வேறு காரணம் இருந்தாக வேண்டும். யஹோடா பல பத்தாண்டுகள் இதை யோசித்து, ஊதியத்தைத் தவிர வேலை தருகின்றவை ஐந்து என்று வகுத்தார்: நேரத்துக்கு ஒரு சட்டகம், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, தன்னைவிடப் பெரிய கூட்டு நோக்கத்தில் ஒரு பங்கு, சமூகத்தில் ஓர் இடம், இடைவிடாத செயல். இவற்றில் எதுவுமே ஒருவர் தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளக்கூடியது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆலையும் வீடுமாக இரட்டைச் சுமை சுமந்த மரியென்தால் பெண்களே, ஆலை மறுபடி திறந்தால் போகத்தான் விரும்புகிறோம் என்றார்கள், காசுக்காக மட்டும் அல்ல என்றும் சொன்னார்கள். வீட்டுக் கடமைகள் நாளைத் தாங்கிப் பிடித்தன. ஆனால் வெளியுலகில் ஓர் இடத்தை அவற்றால் தர முடியவில்லை.

அந்த இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2014இல் ஜெர்மானியப் பொருளியலாளர்கள் ஹெட்ஷ்கோ, க்னாபே, ஷோப் மூவரும் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒரே ஆட்களை ஆண்டுதோறும் பின்தொடரும் ஜெர்மானியக் கணக்கெடுப்பிலிருந்து, நெடுநாள் வேலையில்லாமல் இருந்து அப்படியே ஓய்வு வயதை எட்டியவர்களை அவர்கள் தனியே பிரித்துப் பார்த்தார்கள். நேற்றும் இவர்களுக்கு வேலை இல்லை, இன்றும் இல்லை. அன்றாடத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஆனாலும் 'வேலையற்றவர்' என்ற நிலையிலிருந்து 'ஓய்வு பெற்றவர்' என்ற நிலைக்கு மாறியதும் வாழ்க்கை குறித்த அவர்களுடைய திருப்தி தெளிவாக உயர்ந்தது. வேலை செய்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சமூகத்தின் பக்கத்திலிருந்து நீங்கியதே காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டியதில்லை, வாசல் பலகைகளைப் பார்த்தால் போதும். தலைமையாசிரியர் (ஓய்வு), வட்டாட்சியர் (ஓய்வு) என்று எழுதிக்கொள்பவருக்கு அந்த அடைப்புக்குறி ஓர் ஆசனம். கல்யாணப் பத்திரிகையிலும் அது ஏறும். 41 வயதில் சொந்தக் கணக்கில் விடுதலை வாங்கியவருக்கு எந்த அடைப்புக்குறியும் கிடையாது. "தம்பி இப்ப எங்க இருக்காப்ல?" என்று பெரியப்பா கேட்டால், வீட்டார் இரண்டு நொடி தயங்கி, "வீட்டிலிருந்தே பண்றான்" என்று சமாளிப்பார்கள். எத்தனை கோடி இருந்தாலும் அந்தத் தயக்கத்தின் பொருளை அவர் படித்துவிடுகிறார். வறட்டு கௌரவம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் மனிதர்கள் தங்களை மற்றவர்களின் கண் வழியாகவும் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பணம் ரத்து செய்துவிடுவதில்லை.

முன்கூட்டியே விடுதலை பெற்றவர்களுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. அதைக் குறித்துப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் கணிப்பு. அவர்கள் இழப்பது வேலையை மட்டும் என்றால் பரவாயில்லை. வேலையை விடுவது என்ற திட்டத்தையும் அவர்கள் அதே நாளில் இழக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்தச் சுவர் வரைபடம்தான் அவர்களுக்கு நோக்கமாக இருந்தது. வாங்காமல் விட்ட கார், வெளியே சாப்பிடாத ஞாயிறுகள், போகாமல் விட்ட பயணங்கள் எல்லாவற்றுக்கும் பொருள் தந்தது அந்த மூன்றாவது கோடு. அதே கணக்கைப் போடும் கூட்டாளிகளும் வாய்த்திருந்தார்கள். கோடு தொட்டதும் தாள் முடிந்தது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் வாழ்க்கை வரலாற்றில் விவரிக்கும் 1826ஆம் ஆண்டு நெருக்கடியின் அமைப்பு இதேதான். சமூகச் சீர்திருத்தத்துக்கென்றே தந்தையால் வார்க்கப்பட்ட அந்த 20 வயது இளைஞர், தான் விரும்பும் மாற்றங்கள் எல்லாம் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் பெரும் மகிழ்ச்சி அடைவாயா என்று தன்னைக் கேட்டுக்கொண்டார். இல்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. வாழ்வதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. பின்னாளில் அவர் வந்து சேர்ந்த முடிவு, மகிழ்ச்சியை நேரடிக் குறியாக வைப்பவருக்கு அது வசப்படுவதில்லை, வேறொன்றில் கவனம் வைத்தவர்களுக்கே போகிற போக்கில் கிடைக்கிறது என்பது. மில்லின் குறி கற்பனையில்தான் நிறைவேறியது, அதுவே அவரை நிலைகுலைத்தது. வரைபடத்தாள்காரர்களுக்கோ அது வங்கிக் கணக்கில் நிஜமாகவே நிறைவேறிவிடுகிறது.

இங்கே லாட்டரி ஆய்வுகளைக் கொண்டுவந்து மடக்கலாம். ஸ்வீடனில் பெரும்பரிசு பெற்றவர்களை ஆராய்ந்து லிண்ட்க்விஸ்ட், ஓஸ்ட்லிங், செசாரினி ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கை குறித்த திருப்தி உயர்ந்ததும், அந்த உயர்வு 10 ஆண்டுகளுக்கு மேலும் நீடித்ததும் தெரிந்தது. பணம் வந்தால் வாழ்க்கை வெறுமையாகிவிடும் என்பது வயிற்றெரிச்சல்காரர்கள் கட்டிவிட்ட கதை என்று இதிலிருந்து சொல்லலாம், அது சரியும்கூட. பணக்கவலை நீங்குவது பெரிய நன்மை. அதை மறுக்கும் எந்தக் கட்டுரையும் நேர்மையானது அல்ல. ஆனால் ஸ்வீடன் பரிசுக்காரர்களைப் பற்றிய மற்றோர் ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் வேலையை விடவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1955இல் மோர்ஸ், வைஸ் என்ற இருவர் அமெரிக்காவில் 401 ஆண்களிடம், உழைக்காமலே வாழப் போதுமான சொத்து வந்தால் வேலையைத் தொடர்வீர்களா என்று கேட்டபோது 80 சதவீதத்தினர் தொடர்வோம் என்றார்கள். சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைப் பின்னாளைய லாட்டரி ஆய்வுகள் பெருமளவு போக்கிவிட்டன. ஆக, பணத்தால் திருப்தி கூடியவர்கள், எதிர்பார்ப்புகளின் வலைக்குள் இருந்துகொண்டே பணத்தைப் பெற்றவர்கள். வலையை அறுத்துக்கொண்டு வெளியேறுபவரின் நிலையை அவர்களை வைத்து அளக்க முடியாது.

வலையை அறுத்தவர், அல்லது வலைக்குள் நுழையவே தேவையில்லாதவர் எப்படி வாழலாம் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஒரு குடும்பத்தைத் தருகிறது. ஷ்ரூஸ்பரி மருத்துவர் ராபர்ட் டார்வினுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் எராஸ்மஸ், இளையவர் சார்லஸ். ஒரே வீடு, ஒரே சொத்து, இருவரையும் மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். எராஸ்மஸ் படித்து முடித்தும் தொழில் செய்யவில்லை. இளமையிலேயே தந்தையின் பணத்தில் லண்டனில் குடியேறி, திருமணம் செய்யாமல், விருந்து கொடுத்தும் நண்பர்களோடு பேசியும் 1881இல் இறக்கும் வரை வாழ்ந்தார். கூர்மையான அறிவு, நல்ல உள்ளம், தம்பி பிள்ளைகளுக்குச் செல்லமான பெரியப்பா. ஆனாலும் அவரை அறிந்தவர்களின் குறிப்புகளில் ஒரு சோர்வு நிழலாடிக்கொண்டே இருக்கிறது. தம்பியும் தந்தையின் சொத்து தனக்குப் போதும் என்று புரிந்ததால்தான் மருத்துவம் படிக்கும் முயற்சி தளர்ந்தது என்று பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். இளமையில் மேற்கொண்ட நீண்ட கப்பல் பயணத்துக்குப் பிறகு அவர் சம்பளத்துக்காக ஒரு நாளும் வேலை பார்க்கவில்லை. 1842இல் டவுன் கிராமத்தில் வீடு வாங்கி, 40 ஆண்டுகள், இறக்கும் வரை அங்கேயே இருந்தார். இன்றைய மொழியில் சொன்னால் சகோதரர் இருவருமே 30 வயதுக்கு முன்பே கோடு தொட்டவர்கள்.

வித்தியாசத்தைத் திறமையில் தேடுவதே வழக்கம். சார்லஸின் அன்றாடத்தைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை அவர் கொட்டலசுகளில் செலவிட்டார். பாறையிலும் கப்பலின் அடிப்பாகத்திலும் ஒட்டிக்கிடக்கும் சிறு உயிர்கள். தொடங்கியபோது இவ்வளவு இழுக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நடுவில் அவற்றின் மீதே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டதைத் தன் உறவினர் ஃபாக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கொட்டித் தீர்த்தார். பிடித்ததைச் செய்வது என்பதே அளவுகோல் என்றால் 1852இல் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை, ஏனெனில் மேசையில் இருந்த மாதிரிகள் அவருடையவை அல்ல. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை அவருக்கு அனுப்பியிருந்தது. பல ஊர்ச் சேகரிப்பாளர்கள் தங்கள் அரிய மாதிரிகளைத் தபாலில் அனுப்பி முடிவுக்காகக் காத்திருந்தார்கள். நான்கு தொகுதிகளை முடித்த பிறகுதான் அவருக்கு விடுதலை. அவருடைய பிள்ளைகளில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, அவர் தன் கொட்டலசுகளை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அப்பாக்கள் எல்லோருக்கும் அதுதான் தொழில் என்று குழந்தை நினைத்திருக்கிறது.

டார்வின் மேதை, நாம் அல்ல என்று சொல்லி நழுவவும் வழியில்லை. மேதைமையே தேவைப்படாத இன்னொரு பொறுப்பையும் அவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சுமந்தார். டவுன் கிராமத்துக் கூலிக்காரர்கள் நோய்க்கும் சாவுக்கும் என்று காசு போட்டு நடத்திய உதவிச் சங்கத்துக்கு அவர் பொருளாளர். ஆண்டுக்கொருமுறை திருநாளன்று சங்கத்தார் கொடியும் மேளமுமாக ஊர்வலம் வந்து அவர் வீட்டுப் புல்வெளியில் நிற்பார்கள். அவர் வெளியே வந்து, வழக்கமான பழைய நகைச்சுவைகளைச் செருகி, சங்கத்தின் வரவு செலவை விளக்குவார் என்று மகன் ஃபிரான்சிஸ் பதிவு செய்திருக்கிறார். 1877இல் சங்கத்தைக் கலைத்துப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று உறுப்பினர்கள் பேச்செடுத்தபோது, உலகப் புகழ் பெற்றிருந்த அந்த 68 வயதுக்காரர், அப்படிச் செய்தால் முதுமையில் என்ன ஆவீர்கள் என்று எச்சரித்து அவர்களுக்கு ஒரு கடிதம் அச்சிட்டுக் கொடுத்தார். இதில் அவருடைய அறிவியல் விருப்பத்துக்குத் தீனி எதுவும் இல்லை. கணக்கு தப்பினால் கேட்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள் என்பதே விஷயம். எராஸ்மஸின் லண்டன் வீட்டில், விருந்து ஒரு வாரம் நடக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை.

இதெல்லாம் கடைசியில் கூலி வேலைக்கே வக்காலத்து வாங்குவதாகாதா, நுகத்தடியிலிருந்து கழன்றவனை மறுபடி நுகத்தடியில் பூட்டுவதாகாதா என்று கேட்கலாம். கேள்வியில் வலு இருக்கிறது. யஹோடாவின் ஐந்தையும் தருகிறது என்பதற்காக மோசமான வேலையும் நல்லதாகிவிடாது. பலருக்கு அலுவலகம் தருவது அவமானமும் முதுகுவலியும்தான், விட்டு ஓடுவது அவர்களுக்கு நியாயமே. பணம் மாற்றித் தரக்கூடியது ஒன்று இருக்கிறது: யாருக்குக் கடமைப்படுவது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். கடமையே இல்லாமல் இருப்பதை அது தரும் என்று எதிர்பார்க்கும்போதுதான் கணக்கு தவறுகிறது. டொமிங்கஸும் ராபினும் செய்ததும் இதுதான். வேலையை விட்ட பிறகு வகுப்புகள் நடத்தினார்கள், எழுதினார்கள், நூலின் வருவாயைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார்கள். இப்படி உழைத்தவர்களை ஓய்வு பெற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது என்று ஃபயர் இயக்கத்தின் விமர்சகர்கள் கேலி செய்வதுண்டு. கேலிக்கு அவசியமே இல்லை, அது வாதத்துக்கான சான்று.

தேர்ந்துகொண்ட கடமையை நினைத்த நேரத்தில் உதறிவிடலாமே, அப்போது அது பொழுதுபோக்குதானே என்ற ஐயத்துக்குக் கொட்டலசுகள் பாதி பதில். மீதிப் பாதிக்கு ஒரு நடைமுறைச் சோதனை போதும்: இன்றைக்கு நீங்கள் போகவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை யாருக்காவது இருக்கிறதா? புகைப்படக் கலைக்கும் மலையேற்றத்துக்கும் பெரும்பாலும் இல்லை. அடுக்குமாடிச் சங்கத்தின் பொருளாளருக்கு உண்டு, தண்ணீர் லாரி வராவிட்டால் இரவு பதினொரு மணிக்கும் கதவைத் தட்டுவார்கள். மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருபவருக்கு உண்டு. கோயில் திருப்பணிக் குழுவில் கணக்கெழுதுபவருக்கு உண்டு, சில சமயம் அளவுக்கு மீறியே உண்டு. நம் ஊரில் இவையெல்லாம் அறுபதுக்கு மேற்பட்டவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டிருப்பதால், நாற்பதில் வெளியேறுபவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையேற்றக் காலணி வாங்கிவிடுகிறார்.

இந்தச் சோதனையைப் பெண்கள் மீது போட்டுப் பார்த்தால் மட்டும் வாதம் வேறு திசையில் திரும்புகிறது, அதை மறைப்பதற்கில்லை. வேலையை விட்ட கணவனை ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லாத அதே வீட்டில், வேலையை விட்ட மனைவியைக் கேட்கப் பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருத்துவமனை, ஊரிலிருந்து வந்திறங்கும் உறவு என்று வரிசை நிற்கும். சும்மாதானே இருக்கிறாய் என்ற ஒற்றை வாக்கியத்தில், அவள் சம்பாதித்துச் சேர்த்த நேரம் மொத்தமும் பங்கு போடப்பட்டுவிடும். மரியென்தால் பெண்கள் ஆலையைக் கேட்டதும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டியது. அவர்களுக்குக் கடமைகள் குறைவாக இருக்கவில்லை, தாங்கள் தேர்ந்துகொண்ட கடமைதான் ஒன்றுகூட இல்லை. ஆகவே அதே ஒன்றரைக் கோடி, ஓர் ஆணுக்குத் தன்னைக் கேள்வி கேட்கும் ஆட்களைத் தேடிப் பிடிக்க உதவ வேண்டும். பெண்ணுக்கோ, கேட்டுக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்காவது வேறு ஏற்பாடு செய்துகொள்ள உதவ வேண்டும்: ஒரு சமையல்காரர், மாமியாருக்குத் துணையாக ஒரு செவிலியர், அவள் பெயரில் தனியாக ஓர் அறை. 25 மடங்கு என்று சூத்திரம் போடுகிறவர்கள் மாதச் செலவில் இதைச் சேர்ப்பதில்லை.